ஒரு கண்ணுக்காக அம்பத்தூர் போனோம்

அம்பத்தூரில் வண்டியை விட்டு இறங்கியதும் சேகரன் அண்ணன் முகத்தை உயர்த்தி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் எங்கள் வீட்டில் இன்னமும் சொல்கிறோம். "யார் வீட்லயோ கருவாடு பொரியுது. பக்கத்துல இரும்பு அறுக்கிறாங்க. சாக்கடையும் கொஞ்சம். இவ்ளோ தூரம் பறந்து வந்தும் கிள்ளான்லதான்டா நிக்கிறோம்" என்றார்.

நாங்கள் மலேசியாக்காரர்கள், கிள்ளான் எங்கள் ஊர். எனக்குத் துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அண்ணன் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பால் தொட்டிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். ரப்பர் பால் கெடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள். ஒருநாள் அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்தது. வலது கண்ணை எடுத்துவிட்டு, அசல் போலவே தெரியும் செயற்கைக் கண் ஒன்றை வைத்தார்கள். இடது கண் தங்கியது. ஆனால் கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு தோல் வளர்ந்து மூடிவிட்டது, காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி.

அந்த ஆடையை எடுத்துவிட்டு வேறு தோல் வைக்கும் ஆராய்ச்சிச் சிகிச்சைக்காகத்தான் இந்தப் பயணம். பூந்தமல்லியில் ஒரு சிறிய கண் மருத்துவமனை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வுக்கூடம். இரண்டும் சேர்ந்து செய்கின்றன. எப்படி விசாரித்தோம், எப்படி இடம் கிடைத்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

தங்குவதற்கு அம்பத்தூரிலேயே மேனாம்பேட்டில் ஒரு வீட்டின் மாடி அறை கிடைத்தது. கீழே வீட்டுக்கார விஜயா அக்கா. அவர் மாமனார் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பமாம். இப்போது கணவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். மறுநாள் காலையில் நான் மரியாதையாக, "பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவை அப்படித்தான் கேட்போம். அவர் பதறிப்போய், "இன்னா சார், பசியா கீறியா? இரு, இட்லி ஆயிகினு கீது" என்று உள்ளே ஓடினார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அப்படிச் சிரித்தது அன்று மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் பூந்தமல்லியில் சோதனை. கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சை அண்ணனின் இடது கண்ணுக்கு நேரே பல பக்கங்களில் காட்டினார்.

"வெளிச்சம் எங்கிருந்து வருது?"

"மேல... இப்ப இடது பக்கம்... இப்ப கீழ."

பெரும்பாலும் சரியாகச் சொன்னார். இருட்டில் நின்று சரியானதையெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். விளக்கைப் போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "வெளிச்சம் வர்ற திசை தெரியுதுன்னா பின்னாடி நரம்பு கொஞ்சமாவது உயிரோட இருக்கணும். ஆனா இந்த வெள்ளைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு என்னால பார்க்க முடியல. ஸ்கேன்லயும் முழுசாத் தெரியாது. ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க."

அப்படிச் சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? அன்றைக்கே அண்ணனின் கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து பட்டாணி அளவுக்குச் சதை எடுத்தார்கள். அதிலுள்ள செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மெல்லிய தாள் போல ஆக்கி, கண்ணில் வைப்பார்கள்.

செல்கள் வளரும் வரை எங்களுக்கு வேலை இல்லை. கன்னத்தில் தையல் இருந்ததால் அண்ணனுக்குக் காரம் கூடாது. தெருமுனையில் மதியம் ஒருவர் பிரியாணி தேக்சாவைத் திறந்து கரண்டியால் டங் டங்கென்று தட்டுவார். மாடி வரை வாசம் வரும். அண்ணன் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நம்மூர் நாசி கண்டார் சோத்துக்கடையில குழம்பு ஊத்துற சத்தம் ஞாபகம் வருது" என்பார். விஜயா அக்கா தினமும் மிளகு போடாத ரசம் வைத்துக் கொண்டுவந்தார். மிளகு இல்லாத ரசம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். அண்ணன் ஒரு நாளும் மீதி வைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்சந்தில் தகரக் கொட்டகையில் ஒரு கேரம் கிளப் இருந்தது. சாயங்காலம் ஸ்ட்ரைக்கர் அடிக்கும் சத்தம் கேட்டதும் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் காப்பார் வட்டாரத்தில் கேரம் பலகையின் முன்னால் அவரை உட்காரவிடவே பயப்படுவார்கள். கூட்டிப்போனேன். வேலை முடிந்து வந்த ஆட்கள், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ரெட் விழுந்துச்சு. அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ விழல" என்றார்.

ஆட்டம் நின்றது. "அண்ணாத்தே! பாக்காமயே சொல்றியே! மச்சான், எந்திரி. வா அண்ணாத்தே, நீ ஒண்ணு அடி" என்று ஒருவர் இடம் விட்டார்.

அண்ணன் பலகையின் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். காய் எங்கே இருக்கிறது என்று அவர் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார்கள். அடித்தார். காய்க்குப் பக்கத்தில் போய் இடித்துத் திரும்பியது. இன்னொன்று அடித்தார். ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டி யாரோ ஒருவர் மடியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. "சூப்பர் அண்ணாத்தே, ஜஸ்ட்ல போச்சு" என்றார் ஒருவர். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அண்ணன் விரலில் ஒட்டிய பவுடரை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். சந்து முனை வந்ததும் சொன்னார்: "இனிமே இங்க வேணாம்டா. திட்டியிருந்தா இன்னொரு நாள் வந்திருப்பேன்."

அடுத்த வாரம் அவர் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று பருத்திப்பட்டு ஏரிக்கு ரயிலில் கிளம்பினோம். ஆவடியில் இறங்க வேண்டியவர்கள் கூட்டத்தில் கதவுப் பக்கம் வரமுடியாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். எங்கள் ஊர் கொமுட்டர் ரயிலில் கதவு மூடும், குளிர்ந்த காற்று வரும், யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கே கதவும் மூடாது, பேச்சும் நிற்காது. முத்தாபுதுப்பேட்டைக்காரர் ஒருவர், நாங்கள் மலேசியா என்று தெரிந்ததும் நெருங்கி உட்கார்ந்தார்.

"எம்புள்ளைக்கு அங்க க்ளவுஸ் கம்பெனில வேல வாங்கித் தரேன்னு ஏஜென்ட் சொல்றான் சார். நல்ல வேலதானா? அனுப்பலாமா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அண்ணன் அவர் பக்கம் திரும்பி, "வேலை நல்ல வேலைதான். கண்ணுக்குப் போட்டுக்கக் கண்ணாடி குடுப்பாங்க. வேர்த்து ஊத்தும். வேர்த்தாலும் கழட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றார். அந்த மனிதர், "சொல்றேன் சார், கண்டிப்பா சொல்றேன்" என்று தலையாட்டிவிட்டுச் சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்க ஆரம்பித்தார்.

ஏரியைப் பார்க்காமலே திரும்பினோம்.

ஆய்வுக்கூடத்துக்கு எங்களைக் கூப்பிட்டது சுபா. செல் வளர்க்கும் தட்டுக்குப் பூச்சு செய்கிறவர் அவர்தான். திருநெல்வேலிப் பெண், முனைவர் பட்டம் முடித்தவர், அயப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருக்கிறார். தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே, மோட்டார் உதிரிபாகக் கம்பெனிக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் இடையில் இருந்தது அந்தக் கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை மாட்டி உள்ளே போனோம்.

"சார், தட்டை உங்களுக்குத் தொட்டுக் காட்ட முடியாது, அழுக்காயிரும். ஆனா அதுல பூசியிருக்கிற பொருளைக் காட்டுறேன்" என்று அண்ணனை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார் சுபா. குளிர்ந்த தண்ணீர் உள்ள கிண்ணத்துக்குள் அவர் கையை விடச் சொன்னார். உள்ளே கண்ணாடி போலத் தெளிவான ஒரு ஜெல் துண்டு இருந்தது.

"கொழகொழன்னு இருக்கு. நொங்கு மாதிரி."

"இப்ப இதுல."

ஜெல்லை வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாற்றினார். அது மெல்லச் சுருங்கியது. "அட, இறுகுதும்மா. தண்ணியத் துப்பிட்டுச் சின்னதாகுது" என்றார் அண்ணன், விரல்களை எடுக்காமல்.

"அதேதான். முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல போனா இந்தப் பாலிமர் தண்ணிய வெளிய தள்ளிட்டு இறுகிடும். அப்ப அது மேல செல்லெல்லாம் நல்லா ஒட்டி வளரும். நம்ம உடம்புச் சூட்டுலயே வச்சிருப்போம். வளர்ந்து முடிஞ்சதும் தட்டைக் குளிர வைப்போம். பூச்சு தண்ணிய உறிஞ்சி உப்பி, பிடியை விட்டுடும். செல்லெல்லாம் ஒரே தாளா மிதந்து வந்துடும். கத்தி வேணாம், சுரண்ட வேணாம்."

"சுரண்டினா?"

"தனித்தனியா உதிர்ந்துடும் சார். வேற மருந்து ஊத்தி எடுத்தாலும் அப்படித்தான். இதுல அடியில இருக்கிற பசையோட வரும். அதனால தையல்கூட இல்லாம கண்ணுல ஒட்டிக்கும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "பூச்சு நம்ம முடியவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு. ஒரு இம்மி தடிச்சா செல் ஒட்டாது. ஒரு இம்மி மெலிஞ்சா விடாது. நாலு வருஷமா இதோடதான் மல்லுக்கட்டுறேன்" என்றார்.

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீரில் அந்த ஜெல் வெள்ளையாக மாறியிருந்தது. அண்ணனின் கண்ணில் இருந்த அதே வெள்ளை. சுபா அதை மறுபடி குளிர்ந்த நீரில் போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அண்ணன் என்ன நடக்கிறது என்று கேட்டார். "தெளியுதுண்ணே" என்றேன். அன்று முழுக்க அவர் அதைத்தான் பேசினார். வீட்டுக்கு ஃபோன் போட்டு அண்ணியிடமும் சொன்னார்.

அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாளே அண்ணனைப் பூந்தமல்லியில் சேர்த்தாகிவிட்டது. மறுநாள் நான் மாற்றுத்துணி எடுக்க மேனாம்பேட்டுக்கு வந்தபோது சுபாவின் ஃபோன். ஆய்வுக்கூடத்துக் கார் கிளம்பவில்லை, வேறு வண்டிக்குச் சொன்னால் வர நேரமாகும் என்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்த ஆட்டோ இருக்கிறதா? எங்களை வழக்கமாகக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர் டில்லியைக் கூப்பிட்டேன். சுபா ஒரு பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஏறினார். பெட்டிக்குள் செல் வளர்ந்த தட்டு. பெட்டியின் நெற்றியில் 37 என்று சிவப்பு எழுத்து.

"ஐஸ் பொட்டியா மேடம்?" என்று கேட்டார் டில்லி.

"இல்லண்ணா, சூட்டுப் பெட்டி. குளிரவே கூடாது. குளிர்ந்தா வழியிலயே கழண்டு சுருண்டுடும்."

"அவ்ளோதானே? நம்ம ஊர்ல குளிருக்கு எங்க போறது" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பருத்திப்பட்டு தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. இரண்டு பக்கமும் சாரல் உள்ளே அடித்தது. ஒரு லாரி பள்ளத்துத் தண்ணீரை அப்படியே எங்கள் மேல் இறைத்துவிட்டுப் போனது. பெட்டியின் எண் 36 ஆனது. சுபா, "பேட்டரியும் கம்மியா காட்டுது" என்றார், குரலே இல்லாமல். நான் சட்டையைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றினேன். டில்லி வண்டியை ஓரம் கட்டி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்து எங்கள் இருவரையும் பெட்டியோடு சேர்த்து மூடினார். "மயை நிக்காது சார். புட்ச்சிகினு குந்து, நான் பாத்துக்கிறேன்" என்று முன்னால் நனைந்துகொண்டே ஓட்டினார். தார்ப்பாய்க்குள் எங்கள் மூச்சுச்சூடும் பெட்ரோல் வாடையும். எண் 35 ஆனது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

மருத்துவமனையில் மேல்சட்டை இல்லாமல் சொட்டச் சொட்ட நின்றேன். இரண்டு மணிநேரம் கழித்துச் சுபா அறையிலிருந்து வெளியே வந்தார். "முழுசா வந்துச்சு சார். ஓரத்துலகூடக் கிழியல. கண்ணு மேல வச்சதும் அப்படியே படிஞ்சுடுச்சு" என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அதன் பிறகு சில வாரங்கள் சொட்டு மருந்து, கட்டு மாற்றுதல், தூசு படாமல் கதவைச் சாத்தி உட்கார்ந்திருத்தல். சாப்பாட்டில் மிளகு திரும்பி வந்தது. விஜயா அக்கா வஞ்சிரம் வறுத்துக் கொண்டுவந்து, "கண்ணுக்கு மீன் நல்லது நைனா, துன்னு" என்று பக்கத்திலேயே நின்றார். கட்டுக்கு உள்ளே என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கடைசிச் சோதனைக்குப் போன அன்று டாக்டர் அண்ணனின் முகத்தைக் கருவிக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். வெள்ளை போய்விட்டிருந்தது. எனக்கே தெரிந்தது. லேசான புகை போல ஏதோ மிச்சம், அதற்குள் கறுப்பாகக் கண் பாப்பா. இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணின் கறுப்பை நான் மறந்தே போயிருந்தேன். டாக்டர், "மேல்பாகம் அருமையா இருக்கு" என்றார். உடனே, வழியில் வந்துகொண்டிருந்த சுபாவுக்கும் ஃபோனில் சொன்னார். பிறகு இன்னொரு லென்ஸை எடுத்து உள்ளே பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பார்த்துவிட்டுப் போனார்.

"சேகரன், உங்ககிட்ட மறைக்க மாட்டேன். உள்ள இருக்கிற நரம்பு முழுசா வெளுத்துப்போச்சு. காயத்துக்கப்புறம் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. அது நடந்து வருஷக்கணக்காச்சு. அந்த வெள்ளை மறைச்சதால யாருக்கும் தெரியல. நரம்புக்கு இப்போதைக்கு யார்கிட்டயும் வைத்தியம் இல்ல."

அண்ணன் தாடையைக் கருவியிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே கேட்டார்: "கண்ணாடி தெளிஞ்சுது. நீங்க உள்ள பார்க்கலாம். நான் வெளிய பார்க்க முடியாது. அப்படித்தானேம்மா?"

"ஆமா."

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு டார்ச் வெளிச்சம் சரியாச் சொன்னீங்களே?"

"நீங்க கையத் தூக்கறப்ப கோட்டு உரசுற சத்தம் கேக்கும்மா."

"தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரியல. சத்தம் வந்த பக்கம் வெளிச்சமும் இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அது வெளிச்சமா, என் ஆசையான்னு எனக்கே தெரியலம்மா. நெசமா தெரியல."

டாக்டர் கோபப்படவில்லை. தன் கோட்டின் கையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் சுபா உள்ளே வந்தார். கையில் பால்கோவாப் பெட்டி. எங்கள் முகங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். டாக்டர் அவரைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம், "அப்ப எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்கம்மா, ஒண்ணு சாப்பிடறேன்" என்று அண்ணன் கையை நீட்டினார். "நீங்க செஞ்சது வச்ச எடத்துல நின்னுச்சு. பார்வை வராதது என்னோட குறை." ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். 

மேனாம்பேட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாளும் எழவில்லை. விஜயா அக்கா தட்டோடு இரண்டு முறை ஏறிவந்து இரண்டு முறையும் அப்படியே எடுத்துப்போனார். அண்ணியிடம் ஃபோனில் நான்தான் சொன்னேன். அண்ணி, "சரி. சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.  ஃபோனை வெட்டவில்லை. நானும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அண்ணனே எழுந்து குளித்தார். டாக்டரிடம் கடைசியாக ஒருமுறை மருந்து வாங்கிவர வேண்டியிருந்தது. ஆவடி வரை ரயில், அங்கிருந்து பஸ். கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். "எதுக்கு? இனிமே மறைக்க என்ன இருக்கு?" என்று தள்ளிவிட்டார்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் நல்ல கூட்டம். நான் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைக்கக் கையை எடுத்த நேரத்தில் அண்ணன் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டார். டிஃபன் பையோடு நின்றிருந்த ஒருவரின் காலை நன்றாக மிதித்துவிட்டார்.

"யோவ்! கண்ணு தெர்லியா? இம்மாம் பெரிய ஆளு நிக்கிறேன், மேல ஏறிகினு வர்ற?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என் பக்கமாகக் கையை உயர்த்தித் தடுத்தார். குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, "தெரியுதுங்க. கவனிக்கல. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அந்த ஆள் அண்ணனின் கண்களை நேராகப் பார்த்தார். கோபம் இறங்கியது. "பாத்து வா நைனா" என்று நகர்ந்துபோனார்.

அண்ணன் அசையாமல் நின்றார். "என் கண்ணப் பார்த்தானா?"

"பார்த்தான்."

"ஒண்ணும் கண்டுபிடிக்கல?"

"இல்லண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். ரயில் வந்தது. கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. நான் முழங்கையை நீட்டினேன். அதைக் கண்டுபிடிக்க அவர் கை இரண்டு முறை காற்றில் போய்த் திரும்பி வந்தது.